கரிசல் தரையில் எட்டு நிறங்கள்

2022 ஏப்ரல் 28 அன்று ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ வியூக விளையாட்டுக்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் வெளிவந்தது. அதுவரை ‘இந்தியர்’ என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டிருந்த நிலப்பரப்பு பிரிக்கப்பட்டு, வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று புதிய நாகரிகங்கள் வந்து சேர்ந்தன. திராவிடர் அணியில் சுருள்வாள் வீசும் காலாட்படை உண்டு, ‘திரிசடை’ என்ற போர்க்கப்பல் உண்டு, ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தொடர்ந்து ஆடும் கதைவரிசையும் உண்டு. உலகெங்கும் ஆடப்படும் ஒரு வியூக விளையாட்டில் தமிழ் நிலத்துக்குத் தனி இருக்கை கிடைத்தது பெரிய செய்திதான்.

ஆனால் அந்த விளையாட்டைத் திறந்து பார்த்தால், திராவிடர் ஊரும் வங்காளியர் ஊரும் ஒரே கட்டடப் பாணியில்தான் நிற்கின்றன. சந்தை, படைவீடு, மதில் எல்லாம் ஒன்று. ஈட்டிக்காரனும் வில்லாளியும் பெரும்பாலும் ஒரே உருவம். எது யாருடையது என்பதைச் சொல்வது துணியிலும் கேடயத்திலும் கொடியிலும் பூசியிருக்கும் நிறம் மட்டுமே. 1999இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து அந்த நிறங்கள் எட்டு: நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், வெளிர்நீலம், ஊதா, சாம்பல், ஆரஞ்சு. எட்டுப் பேர் ஆடலாம், ஆளுக்கு ஒன்று.

இந்த எட்டையும் காரியாபட்டித் தரையில் இறக்கினால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையில், வைகைப் பாசனத்தின் பசுமை பின்னால் போய்விட்ட பிறகு வரும் ஊர் அது. தெற்கே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த வானம் பார்த்த பூமி. கரிசலும் இடையிடையே செவலும், கண்மாய்களும், பனையும், எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேலமும். அங்கே நடப்பதாக ஒரு வியூக விளையாட்டை யாராவது வடிவமைக்க உட்கார்ந்தால், முதலில் முட்டிக்கொள்ளப்போவது கதையோ கணினி நிரலோ அல்ல, நிறம்தான் என்று நினைக்கிறேன்.

வியூக விளையாட்டில் ஆடுபவர் மேலிருந்து பார்க்கிறார். ஒவ்வொரு வீரனும் திரையில் விரல்நகத்தைவிடச் சின்னவன். அப்படி ஐம்பது, அறுபது பேர் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். இதில் கண்ணுக்கு மூன்று கேள்விகள் எழுகின்றன. இவன் யாருடைய ஆள்? என்ன வகை ஆள்? இப்போது என்ன செய்கிறான்? 1980இல் உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் கேரி கெலாடும் வெளியிட்ட கோட்பாடு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியைத் தேடச் சொன்னால், புள்ளிகள் பத்தானாலும் நூறானாலும் கண் ஒரே வேகத்தில் கண்டுபிடித்துவிடுகிறது. நிறம், வடிவம் என்று இரண்டு பண்புகளைச் சேர்த்துத் தேடச் சொன்னால் கண் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத் தொடங்குகிறது. புள்ளிகள் கூடக்கூட நேரமும் கூடுகிறது. போர் நடுவில் அந்த நேரம் இருக்காது. ஆகவே ஒரு நிறத்துக்கு இரண்டு வேலை கொடுப்பது வடிவமைப்பாளர் செய்யக்கூடிய பெரிய தீங்கு. சிவப்பு என்றால் எதிரி, சிவப்பு என்றால் தீப்பற்றியது, சிவப்பு என்றால் உயிர் குறைந்தது என்று மூன்றும் ஒரே திரையில் வந்துவிட்டால் எந்தச் சிவப்பும் எதையும் சொல்லாது.

வால்வ் நிறுவனத்தின் கலைஞர்கள் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ பற்றி 2007இல் எழுதிய ஆய்வுரையில் இந்த வேலைப்பிரிவினை தெளிவாக இருக்கிறது. அது வியூக விளையாட்டு அல்ல, துப்பாக்கிச் சண்டை. என்றாலும் பாடம் பொது. நண்பனா பகைவனா என்பதற்கு நிறம், எந்த வகை வீரன் என்பதற்கு உடலின் புறக்கோடு, கையில் என்ன ஆயுதம் என்பதற்கு மார்பு மட்டத்தில் மிகுந்த ஒளி வேறுபாடு. ஒரு கேள்விக்கு ஒரு வழி.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தொல்காப்பியத்தின் புறத்திணையியல். சேரன் படைக்குப் பனம்பூ, பாண்டியன் படைக்கு வேப்பம்பூ, சோழன் படைக்கு ஆத்திப்பூ என்று மூவேந்தர் படைகளும் சூடிய பூக்களை அந்த நூல் சொல்கிறது. அழகுக்காகச் சூடியதாகச் சொல்லவில்லை. பகைகொண்ட வேந்தர்களுக்கு நடுவே யார் படை எது என்று தெரியவேண்டும் என்பதையே காரணமாகச் சொல்கிறது. அதற்கு மேல் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, பகைவர் மண்ணைக் கொள்ளப் போனால் வஞ்சி, மதிலைக் காத்தால் நொச்சி, முற்றுகையிட்டால் உழிஞை, நேருக்கு நேர் பொருதால் தும்பை, வென்றால் வாகை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் தனித்தனித் திணைகளாக விரித்துவைக்கிறது. தும்பைப் போரில் இரு தரப்பும் தும்பையே சூடும். செயலைச் சொல்லும் பூ இருவருக்கும் ஒன்றாகிவிட்ட அந்த இடத்தில்தான் உடைமையைச் சொல்லும் பூ தவிர்க்க முடியாததாகிறது.

இது இலக்கிய மரபு. உண்மைப் போர்க்களத்தில் எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு ஆய்வு. எனக்கு முக்கியமாகப் படுவது சிந்தனையின் ஒழுங்கு. ‘யாருடைய ஆள்’ என்பதற்கு ஒரு குறி, ‘என்ன செய்கிறான்’ என்பதற்கு வேறொரு குறி, இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வேப்பம்பூ வெண்மை, ஆத்தி வெளிர்நிறம், பனம்பூவும் கண்ணைப் பறிக்கும் நிறம் கொண்டதல்ல. மூன்றில் எதுவும் செக்கச்செவேல் என்றோ கடும் ஊதா என்றோ இல்லை. சிறு சிறு பூக்கள் கொத்தாகச் சேர்ந்த வேம்புக்கும், தடித்து நீண்ட பனம்பாளைக்கும் இருக்கும் வடிவ வேறுபாடுதான் தூரத்தில் பேசியிருக்க முடியும். கறுத்த தலைமுடியின் மேல் வெளிர்நிறப் பூ, அதன் வடிவில் மட்டும் மாற்றம். நிறத்தைவிட ஒளி வேறுபாட்டையும் வடிவத்தையும் நம்பிய ஏற்பாடு என்று இதை வாசிக்கலாம். இது என் வாசிப்புதான். ஆனால் கீழே வரும் கணக்குகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன.

ஊர் மந்தையிலும் சாவடியிலும் ஆடப்படும் ஆட்டங்களிலும் இதே ஒழுங்கு தெரிகிறது. தாயம் ஆட உட்காரும் நான்கு பேரில் ஒருவர் புளியங்கொட்டை எடுத்துக்கொள்வார், ஒருவர் உடைந்த வளையல் துண்டு, ஒருவர் கூழாங்கல், ஒருவர் ஒடித்த குச்சி. உடைமையைப் பொருளே சொல்லிவிடுகிறது. ஆடு புலி ஆட்டத்தில் சொல்லவேண்டியது வேறு. புலி மூன்று, ஆடு பதினைந்து, காய் வைக்க இருபத்து மூன்று சந்திப் புள்ளிகள். கல்தளத்தில் கீறிய கோடுகள் கல்லின் நிறத்திலேயே இருக்கும். சாம்பல் மேல் சாம்பல். அப்படியிருந்தும் ஆட்டம் குழம்புவதில்லை. புலிக்குப் பெரிய கல், ஆட்டுக்குச் சின்னக் கல். எண்ணிக்கையில் குறைந்தது பருத்தும், எண்ணிக்கையில் மிகுந்தது சிறுத்தும் இருப்பதால் பலகையை ஒரு பார்வை பார்த்தாலே எந்தப் புலி எங்கே அடைபடப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. கோடுகள் மங்கலாக இருப்பது குறையே அல்ல. தரை தாழ்ந்து நின்றால்தான் காய் எழுந்து நிற்கும்.

காரியாபட்டிக்கு வடக்கே அவனியாபுரத்தில் பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு தெரிந்திருக்கும். சுற்றுக்கு ஒரு நிறமாக வீரர்களுக்குப் பனியன் கொடுக்கிறார்கள். எந்தச் சுற்று என்பதை நிறம் சொல்கிறது, எந்த ஆள் என்பதை முதுகில் இருக்கும் எண் சொல்கிறது. கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் விவரணை சொல்பவருக்கும் ஒரே நொடியில் விளங்குகிறது. மேய்ச்சலில் கலந்துவிடும் ஆடுகளைப் பிரித்தறிய முதுகில் சாயம் பூசுவதும் காதில் வெட்டுக்குறி போடுவதும் இதே சேர்த்திதான்.

இனி நிலத்துக்கு வருவோம். 1992இல் வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கிய ‘டியூன் 2’தான் நிகழ்நேர வியூக விளையாட்டுக்கு இன்றைய அச்சை வார்த்துக்கொடுத்தது. அதன் களம் ஒரு பாலைவனக் கோள். மூன்று குலங்கள்: அட்ரெய்டீஸ் நீலம், ஹார்கோனன் சிவப்பு, ஓர்டோஸ் பச்சை. அந்தத் திரையில் கிடைத்தது 320க்கு 200 புள்ளிகளும் 256 நிறங்களும் மட்டுமே. வண்டிகள் பெரும்பாலும் எல்லாக் குலத்துக்கும் ஒரே உருவம். ஆனாலும் தெளிவாக இருந்தது. காரணம் மணல். வெளிர்ந்த மணலின் மேல் நீலம், சிவப்பு, பச்சை மூன்றுமே மணலைவிடக் கறுத்த நிறங்கள். நிறத்தைக் கழித்துவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தாலும் வண்டி தரையிலிருந்து பிரிந்து தெரியும்.

கரிசலில் இது தலைகீழ். மழை பெய்த கரிசல் ஏறக்குறைய கறுப்பு. இங்கே ஆள் தரையைவிட வெளுத்திருந்தால்தான் தெரிவான். மணலுக்கும் புல்வெளிக்கும் தேர்ந்த நிறங்களை அப்படியே கொண்டுவந்து கரிசலில் வைத்தால் தோற்கும் என்பதை ஊகமாகச் சொல்லவேண்டியதில்லை, கணக்கே போடலாம்.

கணினித் திரைகளுக்கான பொதுவான அளவுகோலில் வெள்ளையின் ஒளியை 100 என்று கொண்டால், அதில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7. ஆகவே தூய மஞ்சள் 93, வெளிர்நீலம் 79, நடுத்தர ஆரஞ்சு 48, சிவப்பு 21, நீலம் 7, ஊதா 6 என்று வருகிறது. ஒவ்வொரு விளையாட்டும் தன் நிறங்களைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்ளும் என்றாலும் வரிசை மாறாது. ஈரக் கரிசலை 5 அளவில் தீட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். நீலப்படையும் ஊதாப்படையும் அதில் புதைந்துவிடும். கோடையில் கரிசல் வெடித்துச் சாம்பல் பூத்திருக்கும். அதை நடுச்சாம்பலில் தீட்டினால் அதன் ஒளி 21 அல்லது 22. சிவப்பின் ஒளியும் அதுவே. சாம்பல்படை தரையாகவே ஆகிவிடும், சிவப்புப்படையைத் தாங்கிப்பிடிக்க நிறம் ஒன்றுதான் மிஞ்சும், ஒளி துணைக்கு வராது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு உளுந்தும் பாசியும் மல்லியும் முளைத்துப் பரவும்போது பச்சைப்படை மறையும். செவல் ஓடிய பக்கம் ஆரஞ்சு மறையும். ஆண்டு முழுவதும், எந்த மண்ணிலும் தாக்குப்பிடிப்பவை எட்டில் இரண்டு: மஞ்சளும் வெளிர்நீலமும்.

இதற்கு மேல் வெயில் இருக்கிறது. இங்கே பையன்கள் விளையாடுவது இருட்டறையில் கணினி முன்னால் அல்ல. பேருந்து நிழற்குடையில், புளியமரத்தடியில், கையில் இருக்கும் விலை குறைந்த போனில். 400 நிட் ஒளி தரும் ஒரு திரை, மேலே விழும் வெளிச்சத்தில் 5 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மரநிழலுக்கு 10,000 லக்ஸ் போட்டுக் கணக்கிட்டால் அந்தத் திருப்பலே 160 நிட் வருகிறது. அதாவது திரையில் கறுப்பு என்பதே 160. மஞ்சள் 530 ஆகும், கறுப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். சிவப்பு 245, ஒன்றரை மடங்கு. நீலம் 190, 1.2 மடங்கு. நிழலை விட்டு 1,00,000 லக்ஸ் நேர்வெயிலுக்கு வந்துவிட்டால் வெள்ளைக்கும் கறுப்புக்குமே வேறுபாடு 1.25 மடங்காகச் சுருங்குகிறது. இணையத்தளங்களுக்கான சர்வதேச அணுகல் நெறிமுறையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, படக்குறிகளுக்குக் குறைந்தது 3 மடங்கு ஒளி வேறுபாடு கேட்கிறது. அந்த அளவை மரநிழலில் தாண்டுவது மேலே சொன்ன மூன்றில் மஞ்சள் மட்டுமே. நம் ஊரில் விளையாட்டு செய்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குளிரூட்டிய அறையில் நல்ல திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட நிறம், ஆடப்போகிறவர் கைக்கு வரும்போது வேறொன்றாகிவிடுகிறது.

கண்ணுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் குறை இருக்கிறது. இந்தியாவில் விகிதம் குறைவு என்றாலும், ஓர் ஊர்ப் பள்ளியில் சிலர் கட்டாயம் இருப்பார்கள். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களில் இது மிக அரிது. இந்தக் குறையில் ஒரு வகையினருக்குச் சிவப்பு நிறம் மாறுவதோடு நிற்பதில்லை, கறுத்தும் போகிறது. கரிசல் மேல் சிவப்புப்படை அவர்களுக்கு ஏறக்குறைய இல்லை. சீமைக்கருவேலப் புதருக்குள் நிற்கும் சிவப்பு வீரனும் அப்படியே. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் எட்டு நிறத்தையும் மூன்றாகச் சுருக்கிக் காட்டும் ஒரு வழி உண்டு: தன் படை நீலம், கூட்டாளி மஞ்சள், எதிரி சிவப்பு. நீலமும் மஞ்சளும் பெரும்பாலான நிறக்குறைகளிலும் பிரிந்து தெரிபவை என்பதால் தன் ஆளும் கூட்டாளியும் குழம்ப வாய்ப்பில்லை. ஆனால் நான்கு எதிரிகளில் எவன் வலுத்தவன் என்ற தகவல் அதில் கரைந்துபோகிறது. வியூக விளையாட்டில் அது சிறிய இழப்பு அல்ல.

அப்படியானால் கரிசலில் எட்டுப் பேர் ஆடவே முடியாதா? முடியும். வேலையைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். ஈரத்திலும் வறட்சியிலும் தரையின் ஒளியை ஒரு குறுகிய எல்லைக்குள் நிறுத்தவேண்டும், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்று வைக்கலாம். கோடைக்கும் மழைக்கும் உள்ள மாற்றத்தை ஒளியில் காட்டாமல் வெடிப்பின் அமைப்பில், முளைத்த பயிரின் இழையில், நிறத்தின் சிறு சாய்வில் காட்டலாம். கரிசலை வறண்டது, நிறமற்றது என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். வியூகப் பலகைக்கு அதுவே பெரும் பேறு. அதன் சாயல்கள் எல்லாம் அடங்கியவை. ஓவியர் அதைப் பளபளப்பாக்க ஆசைப்படாமல் இருந்தால் போதும்.

அடுத்தது படைகள். எட்டு நிறங்களையும் 30க்கு மேற்பட்ட ஒளியில் வைக்கவேண்டும். கடும் நீலம் போய் வானநீலம், கடும் ஊதா போய் கத்தரிப்பூ நிறம், சிவப்பு போய் வெளுத்த ரோஜா. அங்கேயே நெருக்கடி தொடங்குகிறது. எல்லாவற்றையும் வெளுக்க வெளுக்க அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஐந்தாறு நிறங்களுக்கு மேல் வெளுப்பால் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த இடத்தில் மூவேந்தர் பூவின் வழி உதவும்: நிறத்தோடு ஒரு வடிவக் குறி. ஒவ்வொரு வீரன் காலடியிலும் வெளிர்ந்த வளையம், சிலருக்கு முழு வட்டம், சிலருக்கு விட்டுவிட்டு வரைந்த வட்டம், சிலருக்குச் சதுரம். நிறம் தெரியாதவருக்கு வளையம் தெரியும். வளையத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடும் இருந்தால் வெளுத்த பாறைமேல் ஏறினாலும் அழியாது. மூலையில் இருக்கும் சிறு வரைபடத்துக்கு இந்த வளையம் பயன்படாது. அங்கே ஒரு வீரன் ஒரே புள்ளி. ஆகவே அந்தச் சிறு வரைபடத்தில் தரையை முழுக் கறுப்பாக்கிவிடுவதே சரி.

வகையைச் சொல்லும் பொறுப்பைப் புறக்கோட்டிடம் விடவேண்டும். வளரி எறிபவன் கை வீச்சில், வேல்காரன் நீளத்தில், மாட்டுவண்டி அகலத்தில் தெரியவேண்டும். சப்செட் கேம்ஸ் என்ற சிறு குழு 2018இல் வெளியிட்ட ‘இன்டு தி பிரீச்’ எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஆடும் வியூக விளையாட்டு. எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே கட்டத்தின் மேல் காட்டிவிடுகிறது. தெளிவுக்கு இடைஞ்சலாக இருந்த நல்ல யோசனைகளைக்கூட வெட்டி எறிந்ததாக அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ டேவிஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்தத் துணிவு இங்கேயும் வேண்டும். பனைமரத்தின் நிழல் ஆளை மறைத்தால் நிழலை எடுத்துவிடவேண்டியதுதான்.

கடைசியாகத் தண்ணீர். இந்த நாட்டில் வியூகம் என்றாலே கண்மாய்தான். மடை யார் கையில், கலுங்கு எந்தப் பக்கம் வழிகிறது, மேல்கண்மாய் நிறைந்து கீழ்க்கண்மாய்க்கு எப்போது வரும் என்பவைதான் ஆட்டத்தின் உயிராக இருக்கும். பிறநாட்டு விளையாட்டுகளின் வழக்கப்படி கண்மாயை நீலத்தில் தீட்டினால், எட்டில் ஒரு நிறத்தைத் தண்ணீருக்குத் தாரைவார்த்ததாகிவிடும். நீலப்படை கரையோரம் நின்றால் குழப்பம். ஆனால் குண்டாற்றுப் பக்கத்துக் கண்மாய்களில் புதுவெள்ளம் வந்து நிறையும்போது தண்ணீர் நீலமாக இருப்பதில்லை. கலங்கலாக, செவலும் கரிசலும் கரைந்த பழுப்பாக இருக்கும். அதை உள்ளபடியே தீட்டி, தண்ணீர் என்று அறிய நிறத்துக்குப் பதிலாக அலையின் அசைவையும் கரையோரம் ஒரு வெளிர்கோட்டையும் கொடுத்துவிடலாம். அப்போது நீலம் முழுதாக ஒரு படைக்கு மிஞ்சும். அந்த நீலத்தை 30க்கு மேல் வெளுத்து வானநீலமாக எடுத்துக்கொண்டு, மஞ்சளை அதற்கு நேர் எதிரிக்குக் கொடுத்து, இந்த இரண்டும் மரநிழலில் போனில் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் வேலை செய்யும் வரிசை.